புள்ளிக்கோடு

ஜூலை 9

தினமும் களக்குறிப்பேடு எழுத வேண்டுமாம். பார்த்ததை எழுது, தீர்ப்பு எழுதாதே என்கிறார் சமூகவியல் எடுக்கும் நளாயினி மேடம். "நான் படிக்க மாட்டேன். பக்கத்தை மட்டும் எண்ணுவேன். அதனால பயப்படாம உண்மைய எழுதுங்க" என்றார். பயப்படுகிற ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பேச்சு.

சரி, பார்த்தது. விடுதி அறை எண் 14. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. அது சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். அறைத்தோழன் குணாளன், கும்பகோணம் பக்கம், வாய் மூடாதவன். நான் இசக்கிராஜ், வயது பத்தொன்பது, திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு ஊர். எங்களை நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்க்கவில்லை. தமிழ்வழியில் படித்தவர்கள், நடுவில் படிப்பு நின்றவர்கள் எல்லோரையும் ஓராண்டு அடித்தள வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். அதில் தேறினால்தான் மூன்றாண்டு சமூகவியல். சீனியர்கள் எங்களை 'அஸ்திவாரம்' என்று கூப்பிடுகிறார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பியது பேச்சி அக்கா. ப்ளஸ் டூவுக்குப் பிறகு ஓராண்டு இடைவெளிக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'மஞ்சள்காமாலை' என்று எழுதினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூலை 23

மெஸ்ஸில் சின்னத் தகராறு. நான் 'ஏலே' என்று பேசுவதை ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினான். மூன்று தடவை பொறுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். என் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அவன் வாய் பக்கத்தில் இருந்தது. முன்பல் ஒன்று சாம்பாரில் விழுந்தது. இன்னொரு புகார் வந்தால் டிசி கொடுத்து அனுப்பிவிடுவதாகச் சொல்லி வார்டன் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்து போன் செய்தாள். "இன்னுமா கை நீளுது ஒனக்கு? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியால?" என்று கத்தினாள். மறுபடியும் என்றால் என்ன என்று குணாளன் கேட்டான். அவனுக்குப் பாம்புக் காது.

ஆகஸ்ட் 14

துணி துவைத்தேன். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை.

வகுப்பில் மேடம் கேட்டார்: "முதன்முதல்ல உங்களுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுத்தது யாரு?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். அப்பா, வாத்தியார், அண்ணன். நான் தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் சுடலைக்கண்ணு மாமா என் மணிக்கட்டில் எங்கள் ஆட்களுக்கான நிறத்தில் கயிறு கட்டினார். அம்மாவின் அண்ணன் அவர், வாழைத்தார் வியாபாரி. அய்யா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஆட்கள் சாதி சொல்லாமல் 'அந்தத் தெரு' என்பார்களே, பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருக்காரன்களுக்கு வேறு நிறம். யார் பக்கத்தில் உட்காரலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யாரை அடிக்கலாம் என்று கயிறே சொல்லிவிடும். இங்கே வருவதற்கு முதல்நாள் அக்கா அதை அரிவாள்மனையில் அறுத்துப் போட்டாள். மாமா கேட்டால் குளிக்கையில் அறுந்தது என்று சொல்லச் சொன்னாள்.

செப்டம்பர் 2

முதல் தேர்வில் ஐம்பத்தெட்டு. தேற அறுபது வேண்டும். குணாளனுக்கு எழுபத்திரண்டு, நாசமாய்ப் போவான்.

அக்டோபர் 5

அக்கா போன். ஒரு மணி நேரம். அவள் ஒருவரை விரும்புகிறாளாம். பெயர் ரூபன். பைபாஸ் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அந்தத் தெருதான். "வீட்ல யாருக்கும் தெரியாது. ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். நீ படிக்க பிள்ள, ஒனக்குப் புரியும்" என்றாள். தை பிறந்ததும் அவளை மாமா மகன் மகராசனுக்கு நிச்சயம் செய்வதாகப் பேச்சு. தை கடைசிக்குள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட அவர்கள் திட்டம்.

"சரிக்கா" என்றேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சமூகவியல் படிக்கிறவன் கோபப்படலாமா. குளியலறைக் கண்ணாடி உடைந்தது வேறு விஷயம், அதில் ஏற்கெனவே விரிசல் இருந்தது. வலது கையில் நான்கு தையல். ரூபன் என்ற பெயரை இதற்கு முன்பு கேட்டிருக்கிறேன். எங்கே என்பது இப்போது முக்கியமில்லை.

நவம்பர் 11

உறவு வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கீறல். மூன்று தலைமுறை, பெயர் எழுதக் கூடாது. "ஊர் ஒத்துக்கிட்ட உறவை மட்டும் போடாதீங்க. ஒத்துக்காத உறவும் உறவுதான். அதுக்குப் புள்ளிக்கோடு" என்றார் மேடம். பின்வரிசையில் ஒருத்தி அழுதாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 12

வரைந்து முடித்தேன். பதினேழு உருவங்கள். அக்காவின் வட்டத்திலிருந்து குடும்பத்துக்கு வெளியே ஒரு முக்கோணத்துக்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு புள்ளியும் தாளைப் பொத்துக்கொண்டு போனது. "தாள் ஒன்ன என்னடா பண்ணுச்சு?" என்றான் குணாளன். புதுத் தாளில் மறுபடி வரைந்தேன்.

டிசம்பர் 18

இருபதுக்குப் பத்தொன்பது! வகுப்பிலேயே முதல். மேடம் எல்லோருக்கும் காட்டினார். பிறகு வரைபடங்களையெல்லாம் வாங்கித் துறை பீரோவில் வைத்துப் பூட்டினார். "பேர் இல்லேன்னா பத்திரம்னு நினைக்காதீங்க. வீட்டு ஆளுங்களுக்கு வீட்டுப் படம் தெரியும்" என்றார்.

நான் முன்னமே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். அம்மாவுக்குக் காட்டத்தான். பாவம், மகன் முதல் மார்க் வாங்கி அவள் பார்த்ததே இல்லை. "மச்சி, இத ஊருக்கு எடுத்துட்டுப் போகாத, சொல்லிட்டேன்" என்று குணாளன் இரண்டு தடவை சொன்னான். வயிற்றெரிச்சல்.

ஜனவரி 14

ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். அக்கா ஏணியில், நான் வாளியோடு கீழே. "எளச்சிட்டியேல" என்று சொல்லிவிட்டு மூன்று தோசை அதிகமாகப் போட்டாள்.

ஜனவரி 16

மாட்டுப்பொங்கல். காலையில் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்தேன். மத்தியானம் மாமாவும் மகராசனும் சாப்பிட வந்தார்கள். அம்மா கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவளே ஆரம்பித்தாள். "எம்பிள்ள பரிச்சையில மொத மார்க்கு. என்னமோ படம் போட்டிருக்கானாம். மாமாவுக்குக் காட்டுய்யா."

விரித்தேன். மாமா விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். "இது ஒங்க தாத்தன். இது நான். ஏன் மருமவனே, எனக்கு இம்புட்டுதான் எடமா?" சிரித்தார். "இது ஒங்கம்ம. அதுக்குக் கீழ வட்டம் பேச்சி, முக்கோணம் நீ. பேச்சிகிட்ட இருந்து புள்ளிபுள்ளியா வெளிய போவுதே, இது என்னது?"

"அது ஊரு ஒத்துக்கிடாத உறவு மாமா" என்றேன். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. பாடத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

மாமா எழுந்து போய்க் கை கழுவினார். துண்டில் நிதானமாகத் துடைத்தார். அடுப்படியிலிருந்த அக்காவைக் கூப்பிட்டார். மகராசன் கதவைச் சாத்தினான். முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. அவள் கையிலிருந்த ரசச்சட்டி உடைந்து கால் வெந்தது. "யாருட்டி அவன், பேரச் சொல்லு" என்று முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஏழு தடவை. எண்ணினேன். நேற்று முன்தினம் அவள் வெள்ளை அடித்த சுவர். மகராசன் அவள் இடது கையை முதுகுப்பக்கம் முறுக்கினான். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அம்மா மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டாள், அவர் அவளையும் மிதித்தார். அக்கா கத்தினாள், அழுதாள், வாந்தி எடுத்தாள். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவளை நெல்மூட்டை போடும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மாமாவுக்குப் பெயர் தெரிந்துவிட்டது. ஊரில் எதையும் மறைக்க முடியாது.

ஜனவரி 17

காணும் பொங்கல். யாரையும் காணப் போகவில்லை. அறை ஜன்னல் வழியாக அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உதடு வீங்கிக் குடிக்க முடியவில்லை. துணியை நனைத்துக் கொடுத்தேன்.

"ரூபன் யாருன்னு தெரியும்லா ஒனக்கு? ஸ்டீபனோட அண்ணன்" என்றாள்.

தெரியும். இனி இதை எழுதாமல் தாண்ட முடியாது. ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை அன்று தண்ணீர்க் குழாயடியில், கூடப் படித்த அந்தத் தெரு ஸ்டீபனை மூன்று பேர் வெட்டினோம். என் வெட்டு அவன் கையில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த ஒரு வருடம் நான் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தேன். மஞ்சள்காமாலை எனக்கு வந்ததே இல்லை.

"நீ உள்ள இருக்கையில நான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன்" என்றாள் அக்கா. "ரெண்டு விரலு போயிருந்து அந்தப் பிள்ளைக்கு. மூணு நாளு அவரு என்னத் தொரத்துனாரு. நாலாம் நாளு தூக்குவாளிய வாங்கிக்கிட்டாரு. அப்படித்தாம்ல பழக்கம்."

ஒரு எண்ணைச் சொன்னாள். "இவுங்க அவர விடமாட்டாங்க. இப்பமே போன் போட்டு ஊர விட்டுப் போவச் சொல்லு. தம்பி, ஒன் கால்ல விழுதேன்ல."

சொல்கிறேன் என்றேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லை.

ஜனவரி 18

வெயில் அதிகம். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 19

ரூபன் காலையில் இறந்துவிட்டார். நேற்றுப் பதினொரு மணிக்கு ஹெல்மெட் போட்ட மூன்று பேர் ஒர்க்‌ஷாப்பில் புகுந்து வெட்டினார்களாம். கழுத்தில் ஒன்று, தலையில் இரண்டு. தடுத்த கையில் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. மாமாவும் மகராசனும் அன்று முழுக்க வாழைத்தோட்டத்தில் தார் வெட்டிக்கொண்டிருந்ததாக ஊர் பேசுகிறது.

அம்மா யாரிடமும் கேட்காமல் அறையைத் திறந்துவிட்டாள். அக்கா செருப்பில்லாமல் நடந்தே போய்விட்டாள்.

ஜனவரி 23

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். ஆய்வுமுறைகள் தேர்வு. 'பங்கேற்று உற்றுநோக்குதலின் வரம்புகள் யாவை?' பத்து மதிப்பெண். நான்கு பக்கம் எழுதினேன்.

ஜனவரி 27

மெஸ்ஸில் தக்காளி சாதம். எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். குணாளன் எதுவும் கேட்கவில்லை. அவன் பேசாமல் இருந்தால் அறை தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 3

வாசலில் யாரோ தேடுவதாகச் சொன்னார்கள். அக்கா. இடது கையில் மாவுக்கட்டு, புருவத்துக்கு மேல் தையல். திருநெல்வேலியில் பெண்கள் சங்கத்துக்காரர்களின் விடுதியில் இருக்கிறாளாம். மாமா இரண்டு தடவை அங்கேயும் ஆள் அனுப்பியிருக்கிறார்.

கேன்டீனுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மரத்தடியில் நின்றபடியே பேசினாள்.

"மூணு பேரும் ஹெல்மெட்டு. பக்கத்துக் கடைக்காரங்க ஒண்ணும் பாக்கலையாம். மாமா தோட்டத்துல இருந்தாருன்னு ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. ஆளில்லாம கேச மூடப் போறாங்க. மூடிட்டா அடுத்தது நான்தான். நீயும் வண்டியில போனேன்னு அம்ம சொன்னா."

"நான் தடுக்கத்தாம்க்கா போனேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் படிப்பு போயிரும்க்கா. பழைய கேசும் வெளிய வரும்."

"ஆமா. போவும்" என்றாள். "நாளைக்கழிச்சுக் காலையில பத்து மணிக்கு டிஎஸ்பி ஆபீஸ்ல இருப்பேன். வாறதும் வராததும் ஒன் இஷ்டம்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

பிப்ரவரி 4

பகல் பேருந்தில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடும். குணாளன் பேருந்து நிலையம் வரை வந்தான், ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தான்.

பார்த்ததை எழுது, தீர்ப்பு எழுதாதே. ஏழு மாதமாக அந்தச் சட்டத்துக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தேன். இப்போது செய்ததை எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் எடுத்தது அம்மாவுக்காக இல்லை. அம்மாவுக்கு அந்தப் படம் புரியாது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குப் புரியும் என்றும் தெரியும். அக்டோபர் ஐந்தாம் தேதியிலிருந்து என் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. நான் வெட்டியவனின் அண்ணன் எனக்கு அத்தானா? என் வாயால் காட்டிக்கொடுக்கக் கூசியது. அதனால் ஒரு தாளைக் கொண்டு போனேன். மாமா அவளை ஒரு அடி அடிப்பார், அவள் ரூபனை விட்டுவிடுவாள், நான் நல்லவனாகவே இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு அடியோடு நிற்கிற கை எங்கள் வீட்டில் கிடையாது, எனக்கும் கிடையாது. அது தெரிந்தும் போட்ட கணக்கு.

பெயரைச் சொன்னது நான். அன்று சாயங்காலம் மாட்டுத் தொழுவத்தில் மாமா கேட்டார், ஒரு தடவைதான் கேட்டார். ஒர்க்‌ஷாப் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

ஜன்னலில் அக்கா எண்ணைச் சொன்னபோது கைப்பேசியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி மாமா வண்டி ஓட்டினார். நான் நடுவில், மகராசன் பின்னால். கோணிப்பை என் மடியில். தார் வெட்டும் அரிவாள்கள் இரண்டும் அதில். தடுக்கப் போனதாக அக்காவிடம் சொன்னது பொய். ஒர்க்‌ஷாப்பில் ரூபன் ஒரு வண்டியின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்கள் என்று நினைத்து, "ஒரு நிமிசம் இருங்கண்ணாச்சி, வந்துட்டேன்" என்றார். கோணிக் கட்டை அவிழ்த்து அரிவாளை எடுத்து மாமா கையில் கொடுத்தேன். இன்னொன்றை மகராசனுக்குக் கொடுத்தேன். நான் வெட்டவில்லை. வாசலில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். உள்ளே அவர் அக்கா பெயரைச் சொன்னார். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, பேச்சி என்றார். அதன்பிறகு சொல்ல முடியாத இடத்தில் வெட்டு விழுந்தது.

திரும்பி வரும்போது மாமா என் முதுகில் தட்டி, "படிச்சாலும் மருமவன் மருமவன்தான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கோவில்பட்டி தாண்டிவிட்டது.

பிப்ரவரி 5

பத்து மணிக்குப் போனேன். அக்கா முன்னமே பெஞ்சில் இருந்தாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது, நான் உட்காரவில்லை.

நேற்று எழுதியதை அப்படியே வாயால் சொன்னேன். டிஎஸ்பி இடையில் ஒரு தடவைதான் நிறுத்தினார். "தம்பி, ஒன் மேலயும் கொலைக் கேஸ் வரும். தெரிஞ்சுதான் பேசுறியா?" தெரியும் என்றேன். வெளியே வந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தாள். மாமா வீட்டார் அழைத்துவந்திருக்க வேண்டும். "கூடப்பொறந்தவனக் கொண்டுபோயி தூக்குல மாட்டப் பாக்கியேட்டி, ஒரு வவுத்துல பொறந்த பிள்ளதானா நீ" என்று அக்காவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள், காவலர்கள் விலக்கிவிட்டார்கள். மாமாவையும் மகராசனையும் பிடிக்க ஒரு வண்டி கிளம்பிப் போனது.

இந்த நோட்டையும் எடுத்துக்கொள்வார்களாம். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எதிரே அக்காவின் வாக்குமூலத்தைப் பெண் காவலர் ஒருவர் எழுதுகிறார். பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் கேட்டு முடித்து, பேனாவால் என்னைக் காட்டி, "இவன் ஒனக்கு என்ன வேணும்மா?" என்றார்.

இன்று முழுக்க என்னைப் பார்க்காத அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சாட்சி" என்றாள்.

"சொந்தத்தக் கேட்டேம்மா."

"அதான் சொன்னேன்லா" என்றாள்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.